ஆஸ்டின் செவன் மக்கர் செய்தால் எங்கே கை வைப்பது

என்னிடம் இருப்பது 1934 மாடல் ஆஸ்டின் செவன் என்ற சின்ன பிரிட்டிஷ் கார், பெட்டி போன்ற சலூன். வாங்கிய முதல் கோடையில் அது நடுச்சாலையில் நிற்பதும், அரைமணி கழித்து ஒன்றும் நடக்காதது போலக் கிளம்புவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் நான் கார்பரேட்டரைக் கழற்றினேன். மூன்று முறை கழற்றி, ஊதி, மாட்டிய பிறகுதான் கோளாறு பெட்ரோலிலேயே இல்லை, பிளக்குக்குப் பொறி தரும் மின் அமைப்பில் உள்ள சுண்டுவிரல் அளவு கண்டென்சரில் இருக்கிறது என்று தெரிந்தது. கார்பரேட்டர் மட்டும் பளபளவென்று ஆகிவிட்டது. அதனால் இங்கே எதையும் பாகம் பாகமாகச் சொல்லப் போவதில்லை. வண்டி என்ன செய்கிறது, எப்படி நிற்கிறது, என்ன சத்தம் போடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன், உங்கள் வண்டி எந்த ஆண்டுடையது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1922-இல் பர்மிங்ஹாம் பக்கத்து லாங்பிரிட்ஜில் தொடங்கி 1939 வரை, ஏறத்தாழ 2,90,000 வண்டிகள் வெளிவந்தன. கம்பெனியின் நிறுவனர் ஹெர்பர்ட் ஆஸ்டின் தன் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை உட்கார வைத்து வரைய வைத்த வண்டி இது. அடிப்படை வடிவம் கடைசி வரை மாறவில்லை என்றாலும் உள்ளே நிறைய மாறியது. பிளக்குக்குப் பொறி தர, பேட்டரி இல்லாமலே மின்சாரம் உண்டாக்கும் மேக்னெட்டோ 1928 வாக்கில் போய், பேட்டரியை நம்பும் காயில் வந்தது. 1930 வரை கால் பிரேக் பின் சக்கரங்களுக்கும் கை பிரேக் முன் சக்கரங்களுக்கும் தனித்தனியாக இருந்தன. அதன் பிறகு இணைத்தார்கள். 1932 கடைசி வரை பெட்ரோல் டேங்க் என்ஜினுக்குப் பின்னால், பயணிகளின் முழங்காலுக்கு மேலே இருந்தது. பெட்ரோல் தானாக இறங்கிவரும். பிறகு டேங்க் வண்டியின் பின்பக்கம் போய், நடுவில் ஒரு பம்ப் வந்தது. பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டுக்கு 1936 வரை முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டே இடங்களில் தாங்கல்; அதன் பிறகு நடுவில் மூன்றாவது. ஒரு வண்டிக்குச் சொன்ன வைத்தியம் இன்னொன்றுக்குப் பொருந்தாமல் போவது இதனால்தான்.

கோளாறு மாதிரி தெரியும், கோளாறு இல்லை

இன்றைய கார் ஓட்டிப் பழகியவர்கள் செவனில் ஏறியதும் நாலைந்து புகார்கள் சொல்வார்கள். கிளட்ச் "ஒன்று பிடிக்கிறது, இல்லை விடுகிறது, நடுவில் ஒன்றுமே இல்லை" என்பார்கள். அது அப்படித்தான். பெடல் நகரும் தூரமே கொஞ்சம். என்ஜினை மெல்ல ஓடவிட்டு, பெடலைப் பொறுமையாக விட்டு, கிளட்ச் பிடித்த பிறகு ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டும். முதலிலேயே உறுமவிட்டுப் பெடலை விட்டால் வண்டி தவளை மாதிரி குதிக்கும்.

வளைவில் பின்பக்கம் தன்னிஷ்டத்துக்குத் திரும்புவது போலத் தோன்றுவதும் இயல்புதான். பின்னால் இருப்பது கால்வட்டப் பட்டை ஸ்பிரிங். உடல் ஒருபக்கம் சாயும்போது பின் ஆக்சிலும் கொஞ்சம் திரும்பும். முதல், இரண்டாம் கியரில் ஊளைச் சத்தம், நிறுத்திய இடத்தில் இரண்டு சொட்டு ஆயில், ஏற்றத்தில் மூச்சு வாங்குவது எல்லாமே உடன்பிறந்தவை. 747 சி.சி. என்ஜின், ஆரம்ப வண்டிகளில் சுமார் 10 குதிரைத்திறன். இதற்கு மேல் எதிர்பார்த்தால் தவறு நம்முடையது.

ஆயில் முள்: ஏறினால்தான் பயப்பட வேண்டும்

இந்த வண்டியில் அதிகமாகத் தப்பாகப் படிக்கப்படும் அறிகுறி இதுதான், நிதானமாகப் பார்ப்போம். என்ஜின் சூடான பிறகு ஆயில் கேஜின் முள் ஒன்று, இரண்டு பவுண்டில் படுத்துக் கிடக்கும். புதிதாக வாங்கியவர் வெலவெலத்து வண்டியை ஓரம் கட்டுவார். தேவையே இல்லை.

இன்றைய என்ஜினில் ஆயிலை அழுத்தி பேரிங்குக்குள் செலுத்துகிறார்கள். செவனில் அப்படிக் கிடையாது. பம்ப் அனுப்பும் ஆயில் இரண்டு சிறிய ஜெட்கள் வழியாகப் பீய்ச்சி, சுழலும் கிராங்க்கின் மேல் விழுகிறது. அங்கே இருக்கும் பள்ளங்கள் அதைப் பிடித்துக்கொள்ள, சுழற்சி வேகம் அதை பிஸ்டன் தண்டுகள் கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்குகளுக்குத் தள்ளிவிடுகிறது. முன் தாங்கல் பால் பேரிங், பின்னது ரோலர். அவற்றுக்குத் தெறிக்கும் ஆயிலே போதும். எதற்கும் அழுத்தம் தேவையில்லை, ஓட்டம்தான் தேவை. சிலர் இதைக் கிண்டலாக "துப்பிவிட்டுச் சாமியை வேண்டிக்கொள்ளும் முறை" என்பார்கள். ஆனால் அது வேலை செய்கிறது.

இப்போது யோசியுங்கள்: ஜெட் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஆயில் வெளியேற வழியில்லாமல் பின்னால் அழுத்தம் கூடும். முள் ஜம்மென்று மேலே ஏறும். ஓட்டுபவர் "இன்று ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறதே" என்று சந்தோஷமாகப் போவார். அதே நேரத்தில் பிக் எண்ட் காய்ந்துகொண்டிருக்கும். அதனால் இதை நினைவில் வையுங்கள்:

முள் வழக்கமான இடத்தில் தாழ்வாக இருந்தால் ஓட்டலாம். காலையில் குளிரில் ஏறி, சூடானதும் இறங்கினால் அதுவும் சரி. சூடான பிறகும் வழக்கத்தைவிட உயரத்தில் நின்றால் வண்டியை நிறுத்துங்கள். சுத்தமாகப் பூஜ்யத்தில் விழுந்து எழும்பவே இல்லை என்றால் அப்போதும் நிறுத்துங்கள். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள், அடுத்து சம்ப்பில் (என்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) உள்ள வலை அடைத்திருக்கிறதா என்று பாருங்கள், அதற்கடுத்துதான் பம்ப்.

ஜெட்டைச் சுத்தம் செய்ய என்ஜினைப் பிரிக்க வேண்டாம். கிராங்க் கேஸின் பக்கவாட்டில் ஜெட்களுக்கு நேரே இரண்டு திருகு மூடிகள் இருக்கும். அவற்றைக் கழற்றி, பொருத்தமான மெல்லிய கம்பியை உள்ளே விட்டுக் குத்தி எடுத்தால் போதும். என்ஜின் ஆறியிருக்கட்டும், சுற்றிலும் துடைத்துவிட்டுத் திறங்கள். இல்லையென்றால் வெளியே இருந்த மண்ணை நீங்களே உள்ளே அனுப்பியதாகும். இந்த என்ஜினுக்கு ஆயில் ஃபில்டர் கிடையாது. அதனால் ஆயிலை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு காவல் இல்லை. நான் 1,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். ஒவ்வொரு முறையும் ஜெட்டையும் குத்திவிடுகிறேன். பத்து நிமிட வேலை.

சில வண்டிகளில் கேஜுக்குப் பதில் டாஷ்போர்டில் ஒரு சிறிய பித்தளைப் பொத்தான் இருக்கும். ஆயில் ஓடினால் அது வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். அது எவ்வளவு அழுத்தம் என்று சொல்லாது, ஆயில் வருகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லும். அந்த வண்டிக்காரர்கள் ஜெட்டைக் காலண்டர் பார்த்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கிளம்பவே மாட்டேன் என்கிறது

பெட்ரோல் திறப்பான் திறந்திருக்கிறதா, சுவிட்ச் போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சிரிக்காதீர்கள்.

பிறகு செல்ஃப் அடிப்பதை விட்டுவிட்டு ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை எடுங்கள். 6 வோல்ட் பேட்டரி. கொஞ்சம் சோர்ந்திருந்தால், செல்ஃப் மோட்டார் எல்லாக் கரண்டையும் குடித்துவிட்டு காயிலுக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. அப்போது என்ஜின் சுற்றும், பிளக்கில் பொறி வராது. ஹேண்டிலால் சுற்றினால் உடனே பிடித்துக்கொள்ளும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலாக இழுங்கள். கட்டை விரலைச் சுற்றிப் பிடித்தால், என்ஜின் திருப்பி உதைக்கும்போது விரல் முறியும். ஸ்டீயரிங்கில் இக்னிஷன் லீவர் (பொறி வரும் நேரத்தை மாற்றும் பிடி) உள்ள வண்டியானால் அதைத் தாமதப் பக்கம் தள்ளிவிட்டுச் சுற்றுங்கள்.

ஹேண்டில் கையில் இருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடலாம். காயில் உள்ள வண்டியில் விளக்குகளை அணைத்து, சுவிட்சைப் போட்டு, யாரையாவது மெதுவாகச் சுற்றச் சொல்லிவிட்டு அம்மீட்டரைப் பாருங்கள். முள் டிஸ்சார்ஜ் பக்கம் சாய்வதும் திரும்புவதுமாகத் துடித்தால் பாயிண்ட் (காயிலின் கரண்டை விட்டுவிட்டு வெட்டும் சிறு தொடுமுனை) திறந்து மூடுகிறது, அதுவரை வயரிங் சரி. முள் அசையவே இல்லை என்றால் கரண்ட் போகவில்லை: வயர் விட்டிருக்கும், அல்லது பாயிண்ட் முகம் அழுக்கேறி ஒட்டாமல் இருக்கும். சாய்ந்தபடியே நின்றால் பாயிண்ட் திறக்கவில்லை. ஒரு கருவியும் இல்லாமல் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுகிறது.

அடுத்து ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டர் ஹெட்டின் மேல் படுக்க வைத்துச் சுற்றுங்கள். சுற்றுமுற்றும் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. தடிமனான நீலப் பொறி என்றால் நல்லது. மெலிந்த மஞ்சள் பொறி வெளியில் தெரியும், ஆனால் சிலிண்டரின் அழுத்தத்துக்குள் அணைந்துவிடும். அதை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம். பாயிண்ட் இடைவெளி 12 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ) அளவில், அதாவது 0.3 மி.மீ. இருக்க வேண்டும். பாயிண்ட் முகம் நீலம் பாய்ந்து கருகியிருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள்.

மேக்னெட்டோ வண்டியில் அம்மீட்டர் வித்தை பலிக்காது. அங்கே சுவிட்ச் கரண்டைத் தருவதில்லை; மேக்னெட்டோவைத் தரையோடு இணைத்து அணைக்கிறது. அந்தச் சுவிட்ச் வயர் எங்காவது உராய்ந்து உலோகத்தைத் தொட்டால் பொறியே வராது. வயரை மேக்னெட்டோவிலிருந்து கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். கிளம்பிவிட்டால் கோளாறு வயரில். ஆனால் இப்போது சுவிட்ச் போட்டு அணைக்க முடியாது; கியரில் போட்டு, பிரேக் பிடித்து, கிளட்சை விட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

பொறி நன்றாக இருக்கிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால் கழற்றிய பிளக்கைப் பாருங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் மிதமிஞ்சிப் போயிருக்கிறது: சோக்கை உள்ளே தள்ளி, த்ராட்டிலை முழுதும் திறந்து சில சுற்று சுற்றுங்கள். எலும்பு போலக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை, அடுத்த பகுதிக்குப் போங்கள்.

செல்ஃப் மோட்டார் விர்ரென்று சுற்றுகிறது, என்ஜின் அசையவில்லை என்றால் பல் சக்கரம் அதன் திருகுத் தண்டில் அழுக்கால் ஒட்டியிருக்கிறது. கழுவுங்கள், ஆயில் போடாதீர்கள். ஆயில் மறுபடி தூசியைப் பிடிக்கும். "டக்" என்று ஒரு சத்தத்தோடு நின்று, அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை என்றால் பல் மாட்டிக்கொண்டுவிட்டது. சுவிட்சை அணைத்து, டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டினால் விடுபடும்.

ஓடுகிறது, நாலு மைல் போய் நின்றுவிடுகிறது

என்னை ஒரு கோடை முழுக்க ஆட்டி வைத்த அறிகுறி இது. இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்படி நின்றது? சுவிட்சை அணைத்தது போல டக்கென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரம். இழுவை குறைந்து, தும்மி, துள்ளி, மெல்ல உயிர் விட்டால் பெட்ரோல். என் வண்டி டக்கென்றுதான் நின்றது. எனக்குக் காது இருந்தும் கேட்கவில்லை.

டக்கென்று நின்று, இருபது நிமிடம் ஆறிய பிறகு கிளம்புகிறதா? கண்டென்சர் அல்லது காயில். சூட்டில் உள்ளே காப்பு விட்டுப்போகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். வண்டி நின்றவுடனே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. ஒரு கூடுதல் கண்டென்சரை எப்போதும் வண்டியிலேயே வைத்திருங்கள். புதிதாக வாங்கியது என்பதால் மட்டும் அது நல்லது என்று நினைத்துவிட வேண்டாம். நான் மாற்றிய இரண்டாவது ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

தும்மி நின்றால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் முடிந்தது வேலை. மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது; பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் இறங்காமல் நின்றிருக்கிறது. ஓர் ஊசி போதும்.

சத்தம் எதுவும் இல்லை என்றால் டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை வழியோடு வாருங்கள். திறப்பானில் உள்ள வலை, பம்ப் உள்ள வண்டியில் பம்பின் வலை, கார்பரேட்டர் நுழைவாயில், இந்த வரிசையில். பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். பழைய ரப்பர் ஹோஸும் பம்பின் டயாஃப்ரமும் அதில் மெல்லக் கரைந்து, துகள்களாகக் கார்பரேட்டருக்கு வந்து சேர்கின்றன. எத்தனால் தாங்கும் ஹோஸுக்கு மாறுங்கள். பம்ப் வண்டியில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறுகிறது, ஆயிலில் பெட்ரோல் வாசனை வருகிறது என்றால் டயாஃப்ரம் ஓட்டையாகிப் பெட்ரோல் என்ஜினுக்குள் ஒழுகுகிறது. அந்த ஆயிலோடு ஒரு மைல்கூட ஓட்டாதீர்கள்.

வெயில் நாளில், நெரிசலில் நின்ற பிறகு மட்டும் இப்படி ஆனால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருங்கள். குழாயில் மரத் துணிக்கிளிப் மாட்டினால் சரியாகும் என்று சிலர் சத்தியம் செய்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை, ஆனாலும் இரண்டு மாட்டியிருக்கிறேன்.

ஜெனித் கார்பரேட்டரைப் பிரித்தால் ஒரு எச்சரிக்கை. ஆயில் ஜெட்டில் கம்பி விடச் சொன்னேன். பெட்ரோல் ஜெட்டில் ஒருபோதும் விடாதீர்கள். அதன் துளை அளவாகத் துளைத்தது, கம்பி அதைப் பெரிதாக்கிவிடும். காற்றால் ஊதுங்கள், போதும். பெட்ரோல் நிற்காமல் வழிந்தால் ஃப்ளோட்டை எடுத்துக் காதருகே குலுக்குங்கள். உள்ளே தளும்பினால் ஓட்டை.

ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிறது

ஓடும்போதே மரப்பிடி ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிளக்கின் முனையையும் ஹெட்டோடு இணைத்து அணையுங்கள். எதை அணைத்தும் சத்தத்தில் மாற்றமில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். அந்தப் பிளக்கைப் பக்கத்துச் சிலிண்டரோடு மாற்றிப் போடுங்கள். கோளாறு பிளக்கோடு நகர்ந்தால் பிளக், நகராவிட்டால் வயர் அல்லது வால்வு. பற்றும் வரிசை 1-3-4-2. இரண்டு வயரை மாற்றி மாட்டிவிட்டு நாள் முழுக்கத் தேடியவர்கள் உண்டு.

என்ஜினை நிறுத்தி, ஹேண்டிலை மெல்லச் சுற்றினால் நான்கு சிலிண்டரின் எதிர்ப்பும் கையிலேயே தெரியும். ஒன்று மட்டும் தளர்வாக இருந்தால் வால்வு. வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளி கையேட்டுப்படி 4 தௌ, அதாவது 0.1 மி.மீ. இடைவெளியே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாமல் கருகும். 2, 3 ஆகிய இரண்டுமே தளர்வு என்றால், அவற்றின் நடுவே கேஸ்கெட் போயிருக்கிறது. வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டரின் பக்கத்தில் இருக்கும் சைடு வால்வ் என்ஜின் ஆனதால் ஹெட்டைக் கழற்றுவது சனிக்கிழமை காலை வேலைதான். கழற்றியதும் கார்பனையும் சுரண்டிவிடுங்கள்.

கீழேயிருந்து தட்டும் சத்தம்

லேசான டிக்டிக், என்ஜின் வேகத்தில் பாதி: டாப்பெட். ஓட்டிக்கொண்டே வீட்டுக்குப் போகலாம்.

பளு ஏறும்போது அல்லது ஆக்ஸிலரேட்டரை விடும் கணத்தில் கேட்கும் கனத்த தட்டல்: பிக் எண்ட். மேலே சொன்னது போல ஒவ்வொரு பிளக்காக அணைத்தால், குற்றவாளி சிலிண்டரில் சத்தம் குறையும். அங்கேயே நிறுத்தி வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போங்கள். உள்ளே இருப்பது வெள்ளீய உலோகப் பூச்சு. உருக ஆரம்பித்தால் ஐந்து மைலில் கிராங்க்கையும் தின்றுவிடும். புதிதாக வார்த்துக் கடைவது அதற்கென்றே உள்ள பட்டறைகளின் வேலை, நம் கொட்டகையில் ஆகாது.

மந்தமான, ஆழமான குத்துச் சத்தம், கூடவே என்ஜின் முழுக்க நடுக்கம், முன்பு இல்லாத கடுமை: இரண்டு தாங்கல் கிராங்க் உடைந்திருக்கலாம். அது வேகத்தில் வில் போல வளையக்கூடியது, 1930-க்கு முந்தைய மெல்லிய கிராங்க் அதைவிட மோசம். வேடிக்கை என்னவென்றால், உடைந்த பிறகும் இரண்டு துண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வண்டி ஓடும். ஓடுகிறதே என்று ஓட்டினால் கிராங்க் கேஸும் போய்விடும்.

கொதிக்கிறது

தண்ணீருக்குப் பம்ப் இல்லை. சூடான தண்ணீர் மேலேறி ரேடியேட்டருக்குப் போகும், ஆறியது கீழிறங்கி என்ஜினுக்கு வரும், அவ்வளவுதான் ஏற்பாடு. ஆகவே தண்ணீர் மட்டம் மேல் குழாயின் வாய்க்குக் கீழே இறங்கினால் சுழற்சி மெல்லக் குறைவதில்லை, அடியோடு நின்றுவிடும். முதலில் பார்க்க வேண்டியது மட்டம். அடுத்து, இக்னிஷன் தாமதமாக இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியேட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பார்ப்பவர்கள் குறைவு. டைனமோவைச் சமீபத்தில் கழற்றி மாட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும். காயில் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் டைனமோவிலிருந்துதான் ஓடுகிறது, அதைக் கழற்றினால் டைமிங்கும் கூடவே போய்விடும்.

இரண்டும் சரி என்றால் துரு. தொண்ணூறு வருடத் துரு சிலிண்டர் பிளாக்கின் தண்ணீர் வழிகளில் சேறாகப் படிந்திருக்கும். ஹோஸ்களைக் கழற்றி, ஓடும் திசைக்கு எதிராகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள். ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால் கேஸ்கெட். கொதித்துவிட்டால் பதற வேண்டாம், அழுத்த மூடி இல்லாததால் வெடித்துச் சிதறாது. ஆனால் சூட்டோடு குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், பிளாக் விரியும்.

என்ஜின் உறுமுகிறது, வண்டி நகரவில்லை

கிளட்ச் நழுவுகிறது என்றால் பெடலில் கொஞ்சமாவது சும்மா ஆடும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடுத்த சந்தேகம் ஆயில். பின் தாங்கலில் இன்றைய மாதிரி சீல் கிடையாது. ஆயிலை அதிகமாக ஊற்றினாலோ, பிஸ்டன் தேய்ந்து உள்ளே காற்றழுத்தம் கூடினாலோ ஆயில் கிளட்சுக்கு வந்துவிடும். கிளட்ச் அறையின் அடியில் வடிகால் துளை இருக்கிறது, அது அடைத்திருந்தால் ஆயில் அங்கேயே குளம் கட்டும். வழியில் மாட்டிக்கொண்டால் முல்தானி மட்டி மாதிரியான உலர்ந்த களிமண் பொடியைக் கொஞ்சம் தூவி வீடு சேரலாம். பழைய காலத்து ஆட்கள் அதைத்தான் செய்தார்கள்.

கிளட்ச் கெட்டியாகப் பிடிக்கிறது, கியரும் விழுகிறது, ஆனாலும் சக்கரம் சுற்றவில்லை என்றால் பின் ஆக்சில் தண்டு போய்விட்டது. அதற்கு முன்பே வண்டி சொல்லியிருக்கும். கிளம்பும்போதும் பின்னால் எடுக்கும்போதும் பின்சக்கரத்தில் "டக்" என்று ஒரு சொடக்கு. ஹப் ஒரு கூம்பு முனையில் உட்கார்ந்து, நடுவில் ஒரு கீயோடு, ஒரே நட்டால் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பளுவைத் தாங்க வேண்டியது கூம்பு, கீ அல்ல. நட் தளர்ந்தால் பளு முழுதும் கீயின் மேல் விழும். கீ அறுபடும், அல்லது கீ பதியும் பள்ளத்திலேயே தண்டு முறியும். சொடக்கு கேட்ட அன்றே ஹப்பை எடுத்து, வால்வு தேய்க்கும் பசையால் கூம்பையும் ஹப்பையும் ஒன்றோடொன்று தேய்த்து முழுதாகப் படிய வையுங்கள். புதுக் கீ, புது லாக் வாஷர், நீண்ட பிடியுள்ள ஸ்பேனரால் முழு பலத்தோடு இறுக்கம். பிறகு நட்டிலிருந்து ஹப் வரை ஒரு வெள்ளைப் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். கோடு விலகினால் சொடக்குக்குக் காத்திருக்க வேண்டாம்.

சாலையில் அலைகிறது

டயர் காற்று, கிங் பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு ஊசி), முன் ஆக்சிலின் தாங்குகைகள் சேசிஸில் சேரும் பந்து, இந்த மூன்றில் ஒன்று. ஒருவரை ஸ்டீயரிங்கை ஆட்டச் சொல்லிவிட்டு முன்னால் படுத்துப் பாருங்கள், ஆட்டம் எங்கே என்று கண்ணுக்கே தெரியும். ஸ்டீயரிங் பெட்டிக்குள்ளேயே ஆட்டம் என்றால் உடனே புதுசு வாங்காதீர்கள். உள்ளே முழுவட்டப் பல்சக்கரம் உள்ள வண்டியானால் அதில் ஒரு பகுதிதான் வேலை செய்து தேய்கிறது. எடுத்துக் கால் சுற்றுத் திருப்பி மாட்டினால் தேயாத பகுதி வேலைக்கு வரும்.

பிரேக்

கேபிள் பிரேக் சுமாராகத்தான் பிடிக்கும். ஆனால் சுமாருக்கும் ஆபத்துக்கும் இடையே வித்தியாசம் உண்டு. பெடல் அதிகம் இறங்கினால் நேராகக் கேபிளைச் சுருக்காதீர்கள். முதலில் ஷூக்களைச் சரிசெய்து, இணைப்பு ஊசிகளின் தேய்மானம் பார்த்து, கடைசியாகக் கேபிளுக்கு வாருங்கள். கேபிளை மட்டும் இறுக்கினால் கேமும் கைகளும் தப்பான கோணத்தில் நின்று, எவ்வளவு மிதித்தாலும் பலம் சேராது. ஒருபக்கம் இழுத்தால் எதிர்ப்பக்க ஷூவில் கிரீஸோ ஆயிலோ படிந்திருக்கும். பின்சக்கரமானால் ஆக்சிலில் ஆயிலை அதிகமாக ஊற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஊறிய லைனிங்கை எத்தனை முறை கழுவினாலும் சூட்டில் மறுபடி கசியும், மாற்றிவிடுங்கள்.

அம்மீட்டர் சார்ஜ் காட்டவில்லை

டைனமோவின் பட்டையைத் திறந்து, கார்பன் பிரஷ்கள் தாராளமாக நகர்கின்றனவா என்று பாருங்கள், கம்யூட்டேட்டரைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடையுங்கள். பாதி கேஸ்கள் இதிலேயே முடியும். மீதியில் பெரும்பாலானவை கட்-அவுட்டின் (டைனமோவைப் பேட்டரியோடு தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) பாயிண்டுகள். டாஷ்போர்டில் கோடை, குளிர் என்று சுவிட்ச் இருந்தால் அது எந்தப் பக்கம் என்றும் பாருங்கள். கோடைப் பக்கத்தில் வைத்துவிட்டு இரவில் விளக்குப் போட்டு ஓட்டினால் பேட்டரி காலியாகத்தான் செய்யும். பேட்டரியைக் கழற்றிவிட்டு மட்டும் என்ஜினை ஓடவிடாதீர்கள். மூன்று பிரஷ் டைனமோவைக் கட்டுக்குள் வைப்பதே பேட்டரிதான். அது இல்லாவிட்டால் வோல்டேஜ் எகிறி, பல்பும் ஃபீல்டு காயிலும் கருகும்.